ஒரு கிரீம் திருட்டின் செய்முறை விளக்கம்

என் சித்தி அந்தக் கிரீமைத் திருடினாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவளுக்கும் இல்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றில்தான் யார் எதைச் செய்தார்கள், யார் எதைச் செய்து காட்டினார்கள் என்பதில் எனக்கு இன்னும் குழப்பம். ஆகவே நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசையை மாற்றினால் இதில் ஏதோ நியாயம் இருப்பதுபோல் தோன்றிவிடும்.

சித்திக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே செலுத்த வேண்டும், மறுபக்கம் வருவதை ஓரம் பிசகாமல் மடிக்க வேண்டும். வெளுப்புக் காரமும் சூடும் சேர்ந்து அவள் விரல் நுனிகளை வெடிக்க வைத்துவிட்டன. வெடித்த தோல் துணியின் நூலைப் பிடித்து இழுக்கும். ஒருநாள் வெள்ளை விரிப்பு ஒன்றில் கடுகளவு ரத்தப் பொட்டு விழுந்துவிட்டது. சூப்பர்வைசர் அந்த விரிப்பை எல்லார் முன்னாலும் உயர்த்திப் பிடித்து, இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சித்தி கையுறை கேட்டாள். கையுறை போட்டால் மடிப்பின் நேர்த்தி கைக்குத் தெரியாது என்று அவர் விளக்கினார். அவர் துணி மடித்து யாரும் பார்த்ததில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வரும் வழியில் அவள் பல்பொருள் அங்காடிக்குள் நுழைந்தாள். கைக்குத் தடவும் கிரீம் டியூப் ஒன்றை எடுத்தாள், விலையைப் பார்த்தாள், திரும்ப வைத்தாள், மறுபடி எடுத்தாள், பைக்குள் போட்டாள். வாசலில் நிற்கும் இரண்டு தூண்களைத் தாண்டியபோது அவை கத்தின. அவ்வளவுதான் திருட்டு.

புதிய சட்டம் அப்போதுதான் அமலுக்கு வந்திருந்தது. முதல் முறை கடையில் திருடினால் மன்னிப்பும் மனமாற்ற வகுப்பும். இரண்டாம் முறை கடை வாசலில் இருக்கும் பெரிய திரையில் திருடியவரின் படம். மூன்றாம் முறை இரண்டு வருடச் சிறை. அதைக் குறைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. எண்ணும் பொறுப்பு மனிதர்களிடம் இல்லை, 'நேர்மை' என்று பெயர் வைத்த ஒரு மெஷினிடம் இருந்தது. கூரைக் கேமராக்கள் பொருள் அடுக்கைவிட்டுக் கிளம்புவதைப் பார்க்கும். வாசல் தூண்கள் அது பில் இல்லாமல் வெளியேறுவதைப் பார்க்கும். முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்து அவர் பேரில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். பழைய சட்டத்தில் திருடும் நோக்கம் இருந்ததா என்று விசாரிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள்.

ஏன் எடுத்தார்கள் என்பதைக் கடைத்திருட்டு ஒழிப்பு ஆணையர் அம்மா கடைக்குள் எல்லாத் திரைகளிலும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். "நோக்கத்தைக் கேட்க ஆரம்பிச்சா நாட்டுல எல்லாரும் நல்லவங்களா ஆயிடுவாங்க. அப்புறம் நாங்க யாரைப் பிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சிரிப்பார். பிறகு சமையல் எண்ணெய் விளம்பரம் வரும்.

மன்னிப்புக் கேட்கும் நிகழ்ச்சிக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். சித்தி கடை மேலாளரைப் பார்த்துக் கைகூப்பி, தெரியாமல் செய்துவிட்டதாகச் சொன்னாள். மேலாளர் பொறுமையானவர். விதிப்படி பாதிக்கப்பட்டது தானல்ல, பொருள்தான் என்றும், பொருளைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். டியூபை ஒரு சின்ன மேஜைமேல் நிற்க வைத்திருந்தார்கள்.

"கிரீம்கிட்டயாங்க?" என்று சித்தி கேட்டாள்.

"அதுக்கு உரிய இடத்துல இருந்து அதை நீங்கதானே பிரிச்சீங்க? சத்தமா சொல்லுங்க, மத்த பொருளுக்கும் கேட்கட்டும்."

சித்தி கிரீமிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு அதை அடுக்கில் திரும்ப வைத்தார்கள். அன்று மாலையே அதை யாராவது வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். வாங்கவில்லை. அது சான்றுப் பொருளாகிவிட்டதால் விற்பனைக்கு இல்லை என்று அதன் கழுத்தில் சீட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள்.

மனமாற்ற வகுப்பு அங்காடியின் மேல்மாடியில், சோபாவும் கட்டிலும் விற்கும் பகுதியில் நடந்தது. மாணவர்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்களில் உட்கார வேண்டும், சாயக் கூடாது. வகுப்பெடுத்தவரும் மேலாளர்தான். உழைத்துச் சம்பாதித்தால் எதையும் வாங்கலாம் என்பது அவருடைய பாடத்தின் சாரம். சலவைக்கூடத்தில் இரட்டை ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்த சித்தி அதைக் கேட்டபடியே தூங்கிவிட்டாள்.

வகுப்பின் கடைசிப் பகுதிக்குச் 'செய்முறை விளக்கம்' என்று பெயர். புதிதாகச் சேர்ந்த ஊழியர்களுக்குத் திருட்டு எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குத் திருடியவர்களைவிடச் சிறந்த ஆசிரியர் யார்? ஆகவே சித்தியைக் கீழே அழைத்துப் போய் அன்று செய்ததை அப்படியே செய்யச் சொன்னார்கள். ஊழியர்கள் வட்டமாக நின்றார்கள். சித்தி கூச்சத்தோடு டியூபை எடுத்தாள், பைக்குள் போட்டாள், நின்றுவிட்டாள். பாதியில் நிறுத்தினால் பாடம் முழுமையாகாது என்று மேலாளர் வற்புறுத்தியதால் வாசல்வரை நடந்து தூண்களையும் தாண்டினாள். தூண்கள் கத்தின. ஊழியர்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை வாசல் திரையில் சித்தியின் படம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே 'இரண்டாம் முறை' என்று எழுதியிருந்தது. முதலில் பார்த்தது சித்தப்பா. அவர் பஸ் டிரைவர். அந்த வழியாகத்தான் அவருடைய பஸ் போகும். பயணிகளும் பார்த்தார்கள்.

நானும் சித்தியும் மேலாளரிடம் ஓடினோம். அவர் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மெஷின் தவறே செய்யாது என்றார்.

"நீங்க எடுத்தீங்க. பையில போட்டீங்க. வெளிய போனீங்க. இதுல எது நடக்கலைன்னு சொல்லுங்க, நானே நீக்கச் சொல்றேன்."

"நீங்கதானேங்க செய்யச் சொன்னீங்க."

"நான் சொன்னா செஞ்சிடுவீங்களாம்மா? அப்ப வகுப்புல நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?"

சித்தி தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தாள். மாலை வகுப்பில் அலுவலகக் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டிருந்த நான் மேல்முறையீட்டு மனு ஒன்று எழுதினேன். மரியாதையாகவும் சுருக்கமாகவும் எழுதினேன். அப்படி எழுதியிருக்க வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது. எப்படி எழுதியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றும் தோன்றுகிறது.

மனுவை விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். மெலிந்தவர், பேசுவதற்கு முன் ஒருமுறை இருமிக்கொள்வார். சித்தியின் கைகளைப் பார்த்துவிட்டு மருந்து போடச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். மனுவைக் கவனமாகப் படித்தார். மேலாளரின் பேச்சில் தனக்கும் உடன்பாடு இல்லை என்றார். நடந்ததை நேரில் தெரிந்துகொண்டால்தான் நல்ல அறிக்கை எழுத முடியும் என்று சொல்லி எங்களை அந்த அடுக்குக்குக் கூட்டிப்போனார்.

"அன்னைக்கு வகுப்புல என்ன பண்ணிக் காட்டினீங்களோ, அதை அப்படியே பண்ணுங்க. பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் கனிவாகத் தலையசைத்தார். சித்தி டியூபை எடுத்துப் பைக்குள் போட்டு வெளியே நடந்தாள்.

அதிகாரியின் அறிக்கை நான்கைந்து நாளில் வந்துவிட்டது. மனு தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே மனுதாரர் அதே பொருளை மூன்றாம் முறையாக, அதுவும் விசாரணை அதிகாரியின் கண்ணெதிரிலேயே திருடியதாகவும், தன் பணிக்காலத்தில் இத்தகைய துணிச்சலைக் கண்டதில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். அறிக்கையில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

அன்றிரவு சித்தப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒரே கிரீமை மூணு தடவை திருடின ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான்டி. இப்ப அது எங்க இருக்கு?"

"கடையிலதான். அதே இடத்துல."

"அதுக்குப் பாரு, நல்ல காலம். உன்னைவிடப் பத்திரமா இருக்கு."

சித்தி சிரித்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவருக்குக் காட்ட ஆரம்பித்தாள். உப்பு எது, சீனி எது, அடுப்பின் எந்தத் திருகு சரியாக மூடாது, தண்ணீர் குறைவாக வரும் நாளில் எந்தக் குடத்தை முதலில் நிரப்ப வேண்டும். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார். எதுவும் அவர் மனத்தில் ஏறவில்லை என்பது அறைக்கு வெளியே நின்ற எனக்கே தெரிந்தது. இரண்டு வருடம். வெளியே வரும்போது சலவைக்கூடத்தில் அவள் இடத்தில் வேறொருத்தியின் கைகள் வெடித்துக்கொண்டிருக்கும். சிறைக்குப் போய் வந்தவளை வேறெங்கும் வேலைக்கு எடுக்கவும் மாட்டார்கள். சித்தி அழவில்லை. சீனி டப்பாவை மட்டும் இரண்டு முறை காட்டினாள்.

கடைத்திருட்டு விரைவு மன்றமும் அதே மேல்மாடியில்தான் இருந்தது. திருட்டு நடந்த கட்டடத்திலேயே தீர்ப்பும் கிடைத்தால் மக்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று ஏற்பாடு. மன்றத் தலைவர் உட்கார்ந்த பெரிய நாற்காலியின் கையில் தள்ளுபடிச் சீட்டுத் தொங்கியது. கதவு கழற்றிய துணி அலமாரி ஒன்று குற்றவாளிக் கூண்டாக இருந்தது. சித்தியை அதற்குள் நிற்கவைத்தார்கள். நடுவில் ஒரு தம்பதி வந்து அந்த அலமாரி தேக்கா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

தலைவர் தன் தொடக்க உரையில், இந்த மன்றத்தில் நோக்கம் என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கக் கூடாது என்று எச்சரித்தார். செய்கை பேசும், மனிதர் பேச வேண்டியதில்லை என்றார். அந்த வரி அவருக்கே பிடித்துப்போய், குமாஸ்தாவிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

ஆனால் தீர்ப்புக்கு முன் ஒரு சடங்கு பாக்கி இருந்தது. சட்டம் வந்த புதிதில், கடைக்கே போகாத நீதிபதிகளுக்குக் கடைத்திருட்டைப் பற்றி என்ன தெரியும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அதற்காக ஒரு விதி சேர்த்தார்கள். மூன்றாம் முறை வழக்கில் மன்றத் தலைவர் அந்தக் குற்றச் செய்கையைத் தானே ஒருமுறை செய்து, அதை 'நேரில் உணர வேண்டும்'. உணராமல் எழுதும் தீர்ப்பு செல்லாது. அந்தக் கிளையில் மூன்றாம் முறை எட்டிய முதல் ஆள் சித்தி. ஆகவே தலைவர் உணர்வதும் அதுதான் முதல் முறை.

எல்லாரும் கீழே இறங்கினோம். மன்றத்தின் மாண்பு கருதித் தூண்களின் சத்தத்தை மட்டும் அணைத்திருந்தார்கள். தலைவர் சித்தியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். டியூபை இரண்டு விரலால் எடுத்துப் பைக்குள் போட்டு, விறுவிறுவென்று தூண்களைத் தாண்டிப் போய்த் திரும்பினார். சரிதானா என்று கேட்டார்.

சித்தி பொய் சொல்லத் தெரியாதவள். அதனால்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். அப்படி இல்லை என்றாள். ஒருமுறை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன், அப்புறம்தான் எடுத்தேன் என்றாள். தலைவர் மறுபடி செய்தார். பைக்குள் போடும் முன் அவள் இடது பக்கம் திரும்பிப் பார்த்ததாக மேலாளர் குறுக்கிட்டார். வலது பக்கம் என்று விசாரணை அதிகாரி இருமினார், தான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். மேலாளர் பையை வாங்கித் தான் செய்து காட்டினார். அதிகாரி பையைப் பிடுங்கித் தான் செய்து காட்டினார். வாசலைத் தாண்டும்போது தோள் கொஞ்சம் குறுகும், அதை நீங்கள் கவனிக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் திருத்திக்கொண்டு திரும்பத் திரும்ப நடந்தார்கள். பள்ளி நாடகங்களில் நடித்தவர் என்று பிறகு தெரியவந்த தலைவருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பையை வாங்கி, கண்ணில் பயமும் கையில் நடுக்கமுமாக அவர் கடைசியாகச் செய்தது உண்மையிலேயே நன்றாக இருந்தது. சித்திகூட, "இப்ப அப்படியேதாங்க ஐயா இருக்கு," என்றாள்.

வெளியே ஏதோ கூச்சல் கேட்டது. நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.

திரையில் தலைவரின் படம் இருந்தது. சுற்றிலும் சிவப்பு வளையம். கீழே 'மூன்றாம் முறை'. அது மறைந்ததும் மேலாளரின் படம், அதே வளையத்தோடு. பிறகு விசாரணை அதிகாரி. அவர் இருமும்போது பிடித்த படம் போல, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தெருவில் நின்றவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் விசில் அடித்தார்கள். ஒரு பஸ் நின்றுவிட்டது. பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் இருக்கையில் சித்தப்பா.

உள்ளே போய்ச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். தலைவர் மெஷினை அணைக்கச் சொன்னார். அணைக்கவும் முடியாது, கணக்கை அழிக்கவும் முடியாது என்றார் மேலாளர். செல்வாக்குள்ளவர்கள் யாராவது அழிக்கச் சொல்லிவிடுவார்கள் என்று அழிக்கும் வசதியே இல்லாமல் செய்திருந்தார்கள். அப்படிச் செய்யச் சொல்லிப் பரிந்துரைத்த குழுவில் அவரும் இருந்தாராம்.

"ஆனா என்னோட நோக்கம்..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"ஐயா, அந்த வார்த்தையை இங்க சொல்லக் கூடாதுங்களே," என்றாள் சித்தி. கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று பதறித்தான் சொன்னாள். எனக்கு மட்டும் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சந்தோஷம் கிளம்பியது. அது நல்ல வகைச் சந்தோஷம் அல்ல. அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை.

தலைவர் கெட்டிக்காரர். மாடிக்கு ஓடி, செய்து காட்டுவது திருட்டாகாது என்று வேகவேகமாகத் தீர்ப்பு எழுத ஆரம்பித்தார். அது முடிந்திருந்தால் அவர்களும் தப்பியிருப்பார்கள், சித்தியும் தப்பியிருப்பாள். நான் அவர் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஆணையர் அம்மா வந்துவிட்டார். ஒரே நாளில், ஒரே வாசலில் இத்தனை பேர் சிக்கியது இதுவே முதல் தடவை என்று மெஷின் அவருக்குச் சொல்லியிருக்கிறது. பத்திரிகைக்காரர்களையும் கூட்டி வந்திருந்தார்.

தலைவர் நடந்ததை விளக்கினார். ஆணையர் அம்மா அனுதாபத்தோடு கேட்டார். பிறகு பாதி எழுதிய தாளை வாங்கி, மூன்று முறை திருடியவர் எழுதும் தீர்ப்பு எப்படிச் செல்லும் என்று கேட்டுக் கிழித்தார். கேமராக்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சட்டம் ஏழைங்களை மட்டும்தான் பிடிக்குதுன்னு சில பேர் சொன்னாங்க. எனக்கும் அந்தக் குறை இருந்தது. பெரிய ஆளுங்க யாராவது சிக்கினா நல்லா இருக்குமேன்னு வேண்டிக்கிட்டுதான் இருந்தேன். நேர்மைக்கு ஆள் தெரியும். திருடாதவங்களை அது ஒருநாளும் தொடாது."

மூவரையும் வேனில் ஏற்றினார்கள். விசாரணை அதிகாரி படியில் கால் வைத்தபடி, தனக்கு மேல்முறையீடு உண்டா என்று காவலரிடம் கேட்டார். கண்டிப்பாக உண்டு, அன்று என்ன செய்தீர்களோ அதை வந்து அப்படியே செய்து காட்டினால் போதும் என்றார் காவலர். அதிகாரி இருமவில்லை. வேன் மறையும்வரை நான் வாசலிலேயே நின்றேன். அதைப் பார்ப்பதற்காக அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை என்பதையும் குறித்துவைக்கிறேன்.

மூவரின் வழக்கும் அடுத்த கிளையின் மன்றத்துக்குப் போனது. அங்கிருந்த தலைவர் அவசரக்காரர், ஒரே காலையில் மூன்று வழக்கையும் முடித்தார். விதிப்படி ஒவ்வொரு வழக்குக்கும் ஒருமுறை கீழே போய் உணர்ந்துவிட்டு வந்தார். மூன்றாவது தீர்ப்பை வாசித்து முடித்தபோது அவருடைய படமும் வாசல் திரைக்கு வந்துவிட்டது. ஆணையர் அம்மா அன்றும் பேசினார். நீதித்துறையில் இவ்வளவு திருடர்கள் ஒளிந்திருந்தது தனக்கே இப்போதுதான் தெரிகிறது என்று வருத்தப்பட்டார்.

அதற்குப் பிறகு எந்தக் கிளையிலும் தலைவர் பதவிக்கு ஆள் கிடைக்கவில்லை. அழைக்கப்பட்டவர்களெல்லாம் முதுகுவலி என்றார்கள். எங்கள் கிளையின் குமாஸ்தா அனுபவசாலி. ஒரு தலைவருக்கு இரண்டு வழக்குதான் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். சித்தியிடம் இன்னொரு விஷயமும் காதோடு சொல்லிவைத்தார். வரும் வெள்ளிக்கிழமைக்குள் தீர்ப்பு வரவில்லை என்றால் வழக்கு காலாவதியாகிவிடும், மெஷினின் பழைய கணக்கை வைத்து மறுபடி தொடங்க முடியாது, விரைவு மன்றம் என்று பெயர் வைத்துவிட்டதால் அப்படி ஒரு விதி.

சித்தி அதற்கப்புறம் டப்பாக்களைக் காட்டுவதை நிறுத்தினாள். வேலைக்குப் போனாள், வந்தாள். வியாழக்கிழமை இரவு மட்டும், "வேற யாரும் வரமாட்டாங்கல்ல?" என்று கேட்டாள். மாட்டார்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஆணையர் அம்மாவே வந்தார். தலைவர் இடத்தில் தானே அமரும் அதிகாரம் அவருக்கு இருந்தது. இந்தக் கிளையின் முதல் மூன்றாம் முறைக் குற்றவாளி தப்பினாள் என்று பேச்சு வரக் கூடாது, அவளுக்கான தீர்ப்பைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். குமாஸ்தா தயங்கித் தயங்கி, நேரில் உணரும் விதியை நினைவூட்டினார். மற்ற தலைவர்களுக்கு நேர்ந்ததையும் சொன்னார்.

"அவங்க திருடங்க, அதனால பிடிச்சது. நான் திருடியா?" என்றார் ஆணையர் அம்மா. குமாஸ்தா இல்லை என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கினார்.

கீழே இறங்கினோம். இந்த முறையும் சத்தத்தை அணைத்திருந்தார்கள். ஆணையர் அம்மா பையை மாட்டிக்கொண்டு, டியூபை எடுத்துப் போட்டு, சீராக நடந்து தூண்களைத் தாண்டித் திரும்பினார். பேனாவைத் திறந்தார். உணர்ந்துவிட்டேன், மேலே போகலாம் என்றார். அவருக்கு ஒன்றே போதும். விதியும் ஒன்றைத்தான் கேட்டது.

சித்தியைப் பார்த்தேன். வெடித்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே நின்றாள். அவள் வாயைத் திறந்தபோது குரல் மிகவும் பணிவாக வந்தது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. போட்டோக்காரங்க எல்லாம் உங்க முதுகைத்தான் எடுத்தாங்க. நீங்க இவ்வளவு தூரம் வந்து செஞ்சது ஜனங்களுக்கு முகமா தெரிய வேண்டாமா?"

ஆணையர் அம்மா பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவர் ஆமாம், வெளிச்சமும் எதிரில் இருந்தது என்றார். அம்மா பேனாவை மூடினார். கண்ணாடி எடுத்து முகத்தைப் பார்த்துக்கொண்டார். இந்தத் தடவை டியூபை எடுக்கும்போது கேமராக்கள் பக்கம் திரும்பி, குற்றத்தின் வலியை முகத்தில் கொண்டுவந்து, கொஞ்சம் நின்று, பிறகு தூண்களைத் தாண்டி நடந்தார். படங்கள் எடுத்தார்கள். திரும்பி வந்து, இப்போது திருப்தியா என்று சித்தியிடமே கேட்டார்.

வெளியே தெருவில் சலசலப்புத் தொடங்கியிருந்தது. அம்மாவின் 'இரண்டாம் முறை' படம் திரைக்கு வந்திருக்க வேண்டும். உள்ளே அவருக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தேன். இது சரியா, ஒரு ஆளை இப்படிச் செய்யலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் கிழித்த தாளின் துண்டுகள் மாடியில் விழுந்த விதம் ஞாபகம் வந்தது. அதற்குமேல் நான் எதையும் நினைக்கவில்லை.

"ரொம்ப நல்லா வந்துச்சுங்கம்மா," என்றாள் சித்தி. "வெளிய ஜனங்க சேர்ந்திருக்காங்க போல. உங்களைப் பார்க்கத்தான். உள்ள செஞ்சது அவங்களுக்குத் தெரியலையே. அவங்க பார்க்கிற மாதிரி ஒரு தடவை வாசல் வழியா வந்துட்டீங்கன்னா..."

ஆணையர் அம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு டியூபைக் கையில் எடுத்தார். பைக்குள் போட்டார். வாசலை நோக்கி நடந்தார். கண்ணாடிக் கதவு கொஞ்சம் கனமானது. நான் முன்னால் ஓடிப்போய், அவருக்காக அதை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டேன்.